இரண்டு பக்கங்களின் நடுவுநிலைமை

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு)

இறுதியாண்டு மாணவர்கள் பிரியும் காலம் நெருங்கிவிட்டால் நம் கல்லூரியில் துறைதோறும் ஒரு வேலை தொடங்கிவிடுகிறது. கைப்பேசிகளில் குவிந்து கிடக்கும் படங்களையெல்லாம் திரட்டி, கணினியில் பக்கம் பக்கமாக அடுக்கி, நினைவுத் தொகுப்பு ஒன்று செய்கிறோம். சிலர் அதைக் கைப்பேசியிலேயே சுற்றுக்கு விடுகின்றனர். கையில் காசுள்ள துறையினர் அச்சிட்டு ஆல்பமாகவும் கட்டிக்கொள்கின்றனர். நல்ல வழக்கந்தான். ஆனால் அந்தப் பக்கங்களை அமைக்கும் முறையைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு. அவை அழகைப் பற்றியவை மட்டும் அல்ல.

விரித்து வைத்த ஏட்டில் நம் கண் இரண்டு பக்கங்களையும் ஒன்றாகவே காண்கிறது. கல்யாண ஆல்பம் செய்வோர் இதை நன்கு அறிவர். அவர்கள் கணக்கு பக்கத்தில் இல்லை, ஷீட்டில். கரிஷ்மா ஆல்பத்தில் 12 அங்குல உயரமும் 36 அங்குல நீளமும் உள்ள ஷீட் வெகுவாகப் பழக்கத்தில் உள்ளது. அதை நடுவே மடித்தால்தான் இரண்டு பக்கம். நம் துறைகளிலோ இடப்பக்கத்தை ஒருவரும் வலப்பக்கத்தை வேறொருவரும் அமைத்து, கடைசி நாளில் இரண்டையும் சேர்த்துவிடுகிறார்கள். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளிகளைப் போல அவை அருகருகே நிற்கின்றன!

இதற்கு மருந்தாகப் பலர் நம்புவது சமச்சீர். இடப்புறம் நான்கு படமென்றால் வலப்புறமும் நான்கு. அங்கே மேல் மூலையில் ஒரு பூ என்றால் இங்கேயும் ஒரு பூ. கோலத்துக்கும் கோபுரத்துக்கும் இது பொருந்தும். ஜெர்மானிய அச்சுக்கலைஞர் யான் சிகோல்ட் 1928இல் எழுதிய நூலில் சமச்சீரை எதிர்த்துப் பெரும்போரே நடத்தினார். அவரே பிற்காலத்தில், பெங்குவின் நூல்களுக்கு வடிவம் தந்த நாள்களில், நடுவாக அடுக்கும் பழைய முறைக்குத் திரும்பினார். ஆகவே சமச்சீரைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. சமநிலைக்கு அது ஒன்றே வழி என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன்.

நடுவுநிலைமை என்றவுடன் 118ஆம் குறளின் துலாக்கோல் நமக்கு நினைவுக்கு வரும். பக்க அமைப்புக்கு அதைவிடக் காவடித் தண்டு நல்ல உவமை. இருபுறமும் சமமான பாரம் இல்லாதபோது சுமப்பவர் என்ன செய்கிறார்? கனமான பக்கம் தோளுக்கு அருகில் வரும்படி தண்டை நகர்த்திக்கொள்கிறார். இலேசான பக்கம் தொலைவில் இருந்துகொண்டே அதற்கு ஈடு கொடுக்கிறது. இரண்டு பக்கங்களுக்கு நடு மடிப்பே தோள். பெரிய படத்தை மடிப்பை ஒட்டி வையுங்கள். எதிர்ப்பக்கத்தின் வெளியோரத்தில் சிறு படம் ஒன்றே போதும். நமக்கு அடுத்த சின்னாளப்பட்டிச் சேலையைப் பாருங்கள். முந்தி ஒரு முனையில்தானே கனக்கிறது? அதனால் சேலை சாய்ந்துவிட்டது என்று யாரும் குறை சொல்லக் கேட்டதில்லை.

பக்கத்தில் கனம் என்பது அளவு மட்டும் அன்று. இருண்ட நிறம் கனக்கும். சிவப்பு கனக்கும். எல்லாவற்றையும்விட மனித முகம் கனக்கும். அதிலும் நம்மை நேரே பார்க்கும் முகம். கொடைரோட்டிலிருந்து மேற்கே தெரியும் பழனிமலையைப் படமெடுத்தால் நீல மூட்டமாக அரைப் பக்கத்தை நிரப்பினாலும் இலேசாகத்தான் இருக்கும். நடைமேடையில் பூக்கூடையோடு நிற்கும் ஒருவரின் முகம் உள்ளங்கை அளவே இருந்து அதற்கு ஈடு கொடுத்துவிடும். எஞ்சிய இடத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும். ஆனால் நம்மவர்க்கு வெற்றிடம் என்றால் அச்சம். உடனே இறகு, பட்டாம்பூச்சி, பொன்வளையம் என்று எதையாவது கொண்டுவந்து கொட்டுகிறார்கள்.

இதுவரை சொன்னது கலை. இனிச் சொல்வதே எனக்கு முக்கியமானது.

இப்போது பெரும்பாலோர் டெம்ப்ளேட் எனப்படும் ஆயத்த அமைப்பைப் பயன்படுத்துகிறோம். அதிலுள்ள கட்டத்துக்குள் படத்தைப் போட்டால், கட்டத்துக்கு அடங்காத ஓரங்களைக் கணினி தானாகவே மறைத்துவிடுகிறது. ஓரத்தில் நிற்பவர் யார் என்று அது கேட்பதில்லை. துறையின் குழுப் படத்தை எண்ணிப் பாருங்கள். நடுவே முதல்வரும் பேராசிரியர்களும் அமர்ந்திருப்பர். பின்னால் நாம். கடைசி ஓரத்தில், அழைத்ததால் தயங்கித் தயங்கி வந்து நின்றவர்கள், அலுவலக உதவியாளர், துப்புரவுப் பணியாளர், காவலர். கணினி வெட்டும் முதல் ஓரம் அதுதான். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. வேண்டுமென்று தடுப்பதும் இல்லை.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. என் அத்தையின் கல்யாண ஆல்பத்தில் குடும்பத்தார் எல்லோரும் நிற்கும் படத்தை இரு பக்கமும் பரவும்படி போட்டிருந்தார்கள். அப்பத்தாவின் முகம் சரியாக நடு மடிப்பில் விழுந்தது. நெற்றியிலிருந்து தாடை வரை ஒரு பள்ளம். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு ஆண்டு கழித்து அப்பத்தா இறந்தபோது மாலை போட ஒரு படம் தேடினோம். அவர் வாய்விட்டுச் சிரித்த படம் அது ஒன்றுதான். ஸ்டுடியோவில் கேட்டால் பழைய கோப்புகளை அழித்துவிட்டோம் என்றார்கள். முடிவில் ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். அதில் அப்பத்தா யாரோ போல விழிக்கிறார்.

இவ்வாண்டு எங்கள் வரலாற்றுத் துறைத் தொகுப்பில் கொடைரோட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் கோடைக்கானலில் முதல் இரு பங்களாக்களைக் கட்டினர். 1875 வாக்கில் அம்மையநாயக்கனூருக்கு இரயில் வந்தது. மலைச்சாலை அமையாத அந்நாள்களில் துரைமார்கள் இங்கே இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் சென்று, அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ ஏறினர். டோலி தானாக மலை ஏறாது, தோள்கள் வேண்டும். அக்காலத்துப் படங்களில் வெள்ளுடை அணிந்து நடுவில் அமர்ந்திருப்பவருக்குப் பெயர் உண்டு. தண்டுக்கு அடியில், இருண்ட நிறத்தில், ஓரமாக நிற்பவர்களுக்குப் பெயர் இல்லை. அத்தகைய படம் ஒன்றை ஆயத்தக் கட்டத்தில் போட்டுப் பார்த்தோம். துரை முழுதாக இருந்தார். டோலி அந்தரத்தில் மிதந்தது.

படத்தை வெட்டாமல் மடிப்பை ஒட்டி இடப்பக்கத்தில் முழுதாக வைக்கலாம்; வலப்பக்கத்தின் வெளியோரத்தில், இன்று நம் நிலையத்தில் சுமை தூக்கும் ஒருவரின் சிறு படத்தை, அவர் சம்மதித்தால் அவர் பெயரோடு வைக்கலாம்; நடுவில் வெற்றிடம் இருக்கட்டும் என்பது என் யோசனை. இடம் வீணாகிறது என்கிறான் என் நண்பன். அந்த வெற்றிடத்தில் துறையின் சின்னத்தைப் போடலாமே என்கிறார் இன்னொருவர். தொகுப்புக் குழு அடுத்த வாரம் கூடுகிறது.