முகாமின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் கையொப்பமிடட்டும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே செல்வோர் காலாப்பட்டில் புதுவை மத்தியப் பல்கலைக்கழகத்தின் நெடிய வளாகத்தைக் கடப்பர். 1985-ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் எழுந்த கல்விக்கூடம் அது. அதே சாலையில் மேலும் சில கல் தொலைவு சென்றால், விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள், கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்கே இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளது. அம்முகாமின் ஆடவர் பலர் நாள்தோறும் புதுச்சேரிக்குக் கூலி வேலைக்கு வந்து திரும்புகின்றனர். நம் வீடுகளுக்கு வண்ணம் பூசும் கைகளில் அவர்களுடையவையும் உண்டு. அவர்தம் பிள்ளைகள் அந்தச் சாலையோரப் பல்கலைக்கழகத்துக்குள் மாணவராக நுழைவது எத்தனை கடினம் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இலங்கையின் 1983 சூலைப் படுகொலைக்குப் பின் இராமேசுவரம் கரையில் வந்திறங்கியோர் தொடங்கி, அலை அலையாக வந்த ஈழத்தமிழருள் இன்றும் ஏறத்தாழ 58,000 பேர் தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்கின்றனர். 34,000 பேரளவில் காவல் நிலையத்தில் பதிந்து வெளியே வாழ்கின்றனர். நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று கல்லூரி வாயிலில் நிற்கும் முகாம் மாணவர், தாம் விட்டு வந்ததாகச் சொல்லப்படும் நாட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பிறந்தது இங்கே, எழுத்தறிந்தது இங்கே, தேர்வெழுதி மதிப்பெண் வாங்கியதும் இங்கே.

ஆயினும் அவர் இந்தியர் அல்லர். 1987 சூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் நிபந்தனை மேலும் இறுகியது: பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் எனக் கருதப்பட்டால், மற்றவர் குடிமகனாக இருந்தும் பயனில்லை. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1987 சூலைக்குப் பின் அதே முகாமில் பிறந்திருந்தால் அவருக்கு அந்த உரிமை இல்லை. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டமும் இலங்கையைத் தன் பட்டியலில் சேர்க்கவில்லை. கடந்த 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டத்தின் கீழ், 2015 சனவரி 9 வரை இங்கு அடைக்கலம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்க்கு ஆவணமின்மை குறித்து விலக்களிக்கப்பட்டிருக்கிறது. அது வரவேற்கத்தக்கதே. தண்டனை அச்சம் நீங்கியதெனினும், குடியுரிமை கைக்கு வரவில்லை.

சட்டத்தின் இந்தச் சிக்கல் ஒரு மாணவரை எங்கே வந்து தாக்குகிறது? விண்ணப்பப் படிவத்தின் முதற்பக்கத்திலேயே. நாட்டினம் என்ற கட்டத்தில் இந்தியர் என எழுதினால் பொய்யாகும். வெளிநாட்டவர் என எழுதினால் கடவுச்சீட்டு எண் கேட்கும், நுழைவிசைவு கேட்கும். அவரிடம் இரண்டும் இல்லை. வெளிநாட்டு மாணவர்க்காக உயர்கல்வி நிறுவனங்கள் 25 விழுக்காடு வரை கூடுதல் இடங்களை உருவாக்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் நெறிமுறை வகுத்தது; ஆனால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவரே அவ்விடங்களுக்கு உரியவர். சாதிச் சான்று இல்லாமையால் இடஒதுக்கீட்டுக்கும் வழியில்லை. மருத்துவம் பயில விழைந்தாலும் நீட் தேர்வின் வாயிலில் இதே நாட்டினக் கட்டம் குறுக்கே நிற்கிறது. ஆக, அயலார்க்குத் திறந்த கதவும் உள்ளூரார்க்குத் திறந்த கதவும் இவர் முன் ஒருங்கே அடைபடுகின்றன.

இடம் கிடைத்தபின்னும் துன்பம் ஓய்வதில்லை. முகாமில் குறித்த நாட்களில் தணிக்கை நடக்கும். வருவாய் ஆய்வாளர் பதிவேட்டோடு வந்து அமர்வார். குடும்பத்தார் முகாம் அடையாள அட்டையோடு நேரில் நிற்க வேண்டும். விடுதியில் தங்கிப் பயிலும் பிள்ளை தேர்வுக்கு முதல்நாள் என்றாலும் பேருந்தேறி வந்து முகம் காட்ட வேண்டிய நிலை பலருக்கு நேர்ந்திருக்கிறது. வராவிடில் உதவித்தொகை நிற்கும், பதிவு போய்விடும் என்ற அச்சம் பெற்றோரை விடுவதில்லை. வருகைக் குறைவு என்று பேராசிரியர் கடிந்துகொள்ளும் மாணவர் ஏன் வரவில்லை என்பதை வாய்திறந்து சொல்லக்கூட அஞ்சுவார். பட்டம் பெற்றபின் வளாக நேர்காணலில் தேர்வானாலும், நிறுவனம் கேட்கும் ஆவணங்கள் இல்லாமல் வேலை நழுவுகிறது. பொறியியல் பட்டதாரி தந்தையின் வண்ணத் தூரிகையையே கையிலெடுக்கும் காட்சி முகாம்களில் புதிதன்று. அடுத்து வரும் தம்பி, தங்கையர் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொள்வதற்கு அதைவிட வேறு காரணம் வேண்டுமா?

புதுச்சேரிக்கு இவ்விடயத்தில் தனிக் கடமை உண்டு என்பது நம் கருத்து. அடைக்கலத்தால் பெருமை பெற்ற ஊர் இது. 1908-இல் ஆங்கில அரசின் கைக்குத் தப்பிப் பாரதியார் இங்கு வந்தார். 1910 ஏப்ரலில் அரவிந்தர் வந்தார், அவ்வாண்டிலேயே வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். ஆங்கிலேயரின் நெருக்குதலால் பிரெஞ்சு நிருவாகம் அயலார் அனைவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஊரில் மதிப்புள்ள ஐவர் அவர்க்கு நற்சான்று அளிக்க வேண்டும் என விதித்தது. அன்று இவ்வூரைச் சேர்ந்த சங்கர செட்டியார் முனைந்து அலைந்து ஐவரின் கையொப்பங்களைப் பெற்றுத் தந்தார். ஆங்கில ஒற்றர் தெருமுனையில் நின்ற காலத்தில், தம் பெயருக்கு ஊறு வரலாம் என்று அறிந்தே அவர்கள் கையொப்பமிட்டனர். அந்தக் கையொப்பங்கள் இல்லையேல் இவ்வூரின் வரலாறு வேறாக இருந்திருக்கும்.

ஒரு தாள் தலைமுறைகளின் வாழ்வை எப்படிப் பிரிக்கும் என்பதும் இவ்வூருக்குப் புதிய பாடமன்று. 1962 ஆகத்து 16-இல் புதுச்சேரியைப் பிரான்சு இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை உறுதியானபோது, பிரெஞ்சு ஆட்சிப்பகுதியில் பிறந்தோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தனர். அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியன் என ஒரே குடும்பம் இரு நாடுகளுக்கு உரியதாயிற்று. எழுதிக் கொடுத்தவரின் பேரப்பிள்ளைக்குப் பாரிசில் படிக்க வழி திறந்தே இருக்கிறது. அந்த நல்வாய்ப்பை நாம் குறைகூறவில்லை. விருப்பம் தெரிவிக்க ஆறு மாதமேனும் புதுச்சேரியாருக்குக் கிடைத்தது. முகாமின் பிள்ளையை ஒருநாளும் எவரும் விருப்பம் கேட்டதில்லை.

தமிழ்நாடு செய்தவற்றை மறப்பது நன்றன்று. எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்லூரிகளில் ஏதிலியர்க்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991-இல் இராசீவ் காந்தி கொலையுண்டபின் கல்விக் கதவுகள் அடைபட்டன. யாரோ செய்த கொடுமைக்குப் பள்ளிப் பிள்ளைகள் விலை கொடுத்தனர். அக்காலத்திலும் சா.செ. சந்திரகாசன் 1984-இல் நிறுவிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம்தோறும் கல்வி அணையாமல் காத்தது. 2021 ஆகத்து மாதத்தில் தமிழ்நாட்டு அரசு முகாம் வாழ்வோர்க்கு 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தபோது, கலை, அறிவியல் மாணவரின் ஆண்டு உதவித்தொகை 3,000 ரூபாயிலிருந்து 12,000 ஆயிற்று. பொறியியலில் மதிப்பெண் மிகுந்த 50 பேருக்கும், முதுநிலை பயிலும் அனைவருக்கும் கட்டண உதவி உறுதியாயிற்று. மாநில அரசின் கை எட்டியது அவ்வளவு. மத்தியப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை விதி அதன் கைக்கு எட்டாது.

குடியுரிமை இல்லாதவர்க்கு ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்ய இயலும் என்று கேட்போர் உளர். அமெரிக்காவில் ஆவணமற்ற மாணவர்க்கென்றே பெர்க்கிலி பல்கலைக்கழகம் தனிப்பிரிவு நடத்துகிறது. கலிபோர்னியா மாநிலம் 2001-லேயே, உள்ளூர்ப் பள்ளியில் பயின்ற அத்தகையோர்க்கு உள்ளூர்க் கட்டணமே போதும் எனச் சட்டம் இயற்றியது. நம் நாட்டிலேயே காஷ்மீரத்திலிருந்து இடம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்குக் கூடுதல் இடமும், மதிப்பெண் தளர்வும், இருப்பிடச் சான்றிலிருந்து விலக்கும் தரப்படுகின்றன. அவர்கள் குடிமக்கள் என்ற வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. ஆனால் வேரோடு பெயர்க்கப்பட்டவரிடம் வழக்கமான சான்றுகளைக் கேட்பது முறையன்று என்னும் நெறி இருவர்க்கும் பொதுவே.

முகாம் பிள்ளைகளுக்கு நாம் கேட்பதும் கூடுதல் இடமே என்பதால் உள்ளூர் மாணவர் ஒருவரும் இடம் இழக்கப் போவதில்லை. பாதுகாப்பு என்று காட்டப்படும் அச்சத்துக்கும் அடிப்படை இல்லை. காவல்துறையின் கியூ பிரிவுக் கோப்பிலும், வருவாய்த் துறையின் பதிவேட்டிலும், முகாம் அட்டையிலும் இவர்களைப் போல் மும்முறை பதிவானோர் நாட்டில் வேறெவர்?

எனவே புதுவைப் பல்கலைக்கழகத்தின் கல்விக் குழுவை நாம் வேண்டுவது இது. முகாம் அடையாள அட்டையை முழுமையான ஆவணமாக ஏற்றுக்கொள்ளுங்கள். இந்திய மாணவர்க்குரிய கட்டணத்தையே பெறுங்கள். துறைதோறும் ஓர் இடமேனும் கூடுதலாக உருவாக்க மானியக் குழுவின் ஒப்புதலைக் கோருங்கள். தணிக்கை நாளில் மாணவர் நேரில் வரத் தேவையில்லை என்று மாவட்ட ஆட்சியர்க்குப் பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு மடல் எழுதுங்கள். படிக்கிறார் என்பதற்கு நீங்களே சான்று. சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்புப் பதிவு பெற இயலாது தவிக்கும் மாணவர்க்குத் துணையாக ஓர் அலுவலரை அமர்த்துங்கள். நாளை அவர் இங்கே குடிமகனாகலாம், அல்லது யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ திரும்பலாம். எந்நிலையிலும் பட்டம் அவருக்குப் பயன்படும். குடியுரிமையை வழங்க வேண்டியது நடுவண் அரசு. அக்கடமையை அது இனியும் தள்ளிப்போடலாகாது. அதுவரை பல்கலைக்கழகம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை அறிவிக்கை அச்சேறுமுன், முகாம் அட்டை ஏற்கப்படும் என்ற ஒரு வரியை அதில் சேர்த்துவிடுங்கள்.