கித்தா மரமும் கித்தாரும்

‘‘இது பால் மரம்லா தம்பி. அடுப்புக்குத்தான் ஆகும். இதுல எப்படி சவுண்டு வரும்?’’

ஈப்போவில் ஓர் இசைக்கருவிக் கடையில் அண்மையில் என் காதில் விழுந்த பேச்சு இது. சொன்னவர் கல்யாண மேடைகளில் பல வருடமாக வாசிக்கிறவர். அந்தக் கடையில் அவர் சொன்னால் எடுபடும். கேட்டுக்கொண்டு நின்றவன் சுங்கை சிப்புட்டிலிருந்து அப்பாவோடு வந்திருந்த பள்ளிக்கூடப் பையன். அவன் கையில் தாய்மாமன் செய்து கொடுத்த எலக்ட்ரிக் கித்தார். மாமாவுக்கு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை. சாப்பாட்டு மேசைக்கு அறுத்து மிஞ்சிய ரப்பர் மரத் துண்டுகளை (பால் மரம், கித்தா மரம் என்று நாம் சொல்வது இதைத்தான்) பசை போட்டு ஒட்டி, வளைவு வெட்டி, தேய்த்து, வார்னிஷ் அடித்திருந்தார். வெளிர் வைக்கோல் நிறம், அங்கங்கே மெல்லிய பழுப்புக் கோடுகள். கழுத்து வேறொரு பழுதான கித்தாரிலிருந்து கழற்றியது. ஒரு பக்கக் கொம்பு மற்றதைவிடச் சற்றுத் தடிப்பு. வாங்கிப் பார்த்தேன். கழுத்து உட்காரும் குழியில் ஒரு தாளைக்கூட நுழைக்க முடியவில்லை, அவ்வளவு கச்சிதம்.

பையன் வந்தது ஒரே ஒரு காரியத்துக்கு. நட்டில் கம்பி உட்காரும் பள்ளம் ஆழம் போதவில்லை. முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடித்தால் விரல் நோகிறது, சுருதியும் ஏறிவிடுகிறது. சின்ன அரத்தை எடுத்துப் பள்ளத்தைக் கொஞ்சம் இறக்கினால் முடிந்துபோகும் வேலை. அதைச் செய்ய ஆள் இல்லை. அப்பாவிடம் 5,800 ரிங்கிட் மஹோகனி கித்தாரைக் காட்ட மட்டும் மூன்று பேர் இருந்தார்கள். ‘‘பிள்ளை முன்னுக்கு வரணும்னா நல்ல மரம் வேணும்ணே.’’ அப்பா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, ‘‘மாசாமாசம் கட்டலாமா?’’ என்று கேட்டார்.

எனக்கு அன்று ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை.

நாதம் மரத்தில் இருக்கிறது, நல்ல மரம் தூர தேசத்தில் இருக்கிறது, அது விலை கூடின கித்தாரில்தான் கிடைக்கும். கித்தார் பிடிக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் நம்புவது இதைத்தான். இந்த நம்பிக்கையால் வயிறு வளர்ப்பவர்கள் உண்டு. கடன் வாங்குபவர்கள் உண்டு. வாசிப்பதையே விட்டுவிட்ட பிள்ளைகளும் உண்டு.

குவீன் இசைக்குழுவின் பிரையன் மேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 இல் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அவருக்குக் கடைக் கித்தார் வாங்க வசதியில்லை. அப்பா ஹெரால்டும் மகனும் வீட்டிலேயே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார்கள். இரண்டு வருடம் பிடித்தது. கழுத்துக்கு எடுத்த மரம் ஒரு பழைய வீட்டில் குளிர்காயும் அடுப்புக்கு மேலே சட்டமாக இருந்தது. பூச்சி அரித்த ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடலுக்குப் பழைய ஓக் மேசையின் துண்டு, அதோடு ஒட்டுப்பலகை. ஃப்ரெட் பலகையில் பதித்த வெள்ளைப் புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியில் இருந்த முத்துப் பித்தான்கள். ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் இஞ்சினின் வால்வு ஸ்பிரிங். இதை வைத்துத்தான் 1985 இல் லைவ் எய்ட் மேடையில் நின்றார். 2002 இல் இங்கிலாந்து ராணியின் பொன்விழாவுக்கு பக்கிங்ஹாம் அரண்மனைக் கூரையில் ஏறி நின்று வாசித்ததும் இதைத்தான். ஐம்பது வருடத்துக்கு மேலாக இதுதான் அவர் கையில்.

அடுப்புக்குத்தான் ஆகும் என்றாரே மேடைக் கலைஞர்? இது அடுப்பிலிருந்தே வந்த மரம்!

‘‘அந்தச் சட்டமும் மஹோகனிதானே’’ என்று உடனே ஒருவர் குறுக்கே விழுவார், தெரியும். பூச்சி அரித்த மஹோகனி, ஐயா. தீக்குச்சி அடைத்த மஹோகனி. அப்படியொரு கழுத்தை உங்கள் கடையில் கொண்டுவந்து வைத்தால் வாசலுக்கு வெளியே வீசுவீர்கள். உடலில் இருக்கும் ஒட்டுப்பலகைக்கு என்ன பதில்? அதற்கு இன்றுவரை ஒருவரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

எலக்ட்ரிக் கித்தாரில் ஒலி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பள்ளிக்கூட அறிவியலே சொல்லிவிடும். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது, அது ஆம்ப்புக்குப் போகிறது. காந்தம் கம்பியைத்தான் பார்க்கிறது. கீழே இருக்கிற மரம் எந்த நாட்டில் வளர்ந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்? கம்பி மாறினால் ஒலி மாறும். பிக்கப் மாறினால், அதன் உயரம் மாறினால், ஆம்ப் மாறினால் மாறும். எல்லாவற்றையும்விட விரல் மாறினால் மாறும். இத்தனையையும் விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

ஃபெண்டர் கித்தார் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்தவர். அவருக்குக் கித்தார் வாசிக்கவே தெரியாது. முதலில் ஆஷ் மரம், 1956 வாக்கில் ஆல்டர். தாராளமாகக் கிடைத்தது, சாயம் நன்றாகப் பிடித்தது, எடுத்துக்கொண்டார். தச்சன் கணக்கு அது. இன்று அதே ஆல்டருக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்கள். டானெலெக்ட்ரோ என்றொரு கித்தார் உண்டு. மர நாரை அழுத்திச் செய்த மேசோனைட் அட்டையில், மலிவுக்காகவே செய்தது. லெட் செப்பலினின் ஜிம்மி பேஜ் அதை மேடையேற்றினார். யாராவது எழுந்து வெளியே போனார்களா?

அக்கூஸ்டிக் கித்தாரில் மேல்பலகைக்கு வேலை இருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். கம்பியின் அதிர்வைக் காற்றுக்குக் கொடுப்பது அதுதான். ஆனால் கடையில் பணம் பறிப்பது மேல்பலகையைச் சொல்லி மட்டுமா? முதுகுக்கும் பக்கத்துக்கும் ரோஸ்வுட் என்று சொல்லி ஆயிரம், இரண்டாயிரம் ஏற்றுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன். இன்றைய கித்தாரின் வடிவத்துக்கே அடித்தளம் போட்ட ஸ்பெயின் நாட்டு ஆசாரி அந்தோனியோ தே தோரெஸ், 1862 இல் மேலே மட்டும் நல்ல பலகை வைத்து, முதுகையும் பக்கத்தையும் காகிதக் கூழில் செய்து காட்டினார். காகிதம்! 1995 இல் அமெரிக்காவின் டெய்லர் கம்பெனி சரக்கு அடுக்கும் பேலட் கட்டையை உடைத்து ஒரு கித்தார் செய்து கண்காட்சியில் வைத்தது. இங்கிலாந்தில் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் முதுகு மரம் மட்டும் வேறு வேறான ஆறு கித்தார்களை 52 பேரிடம் மங்கிய வெளிச்சத்தில், பார்வையை மறைத்துக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். 2018 இல் முடிவு வந்தது. விலை உயர்ந்த மரத்தையும் மலிவு மரத்தையும் அவர்களால் பெரிதாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண் மூடியதும் ஆயிரம் ரிங்கிட் வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

அந்த ரோஸ்வுட் கதையையும் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் கித்தார் கம்பெனி பிரேசில் ரோஸ்வுட் மரத்தைத்தான் பயன்படுத்திவந்தது. அது கிடைப்பது கடினமானதும் 1969 வாக்கில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்றால் வேறொன்றுமில்லை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்று நம்மவர் கட்டிலும் பெட்டியும் செய்த மரம். அன்றைக்கு வேறு வழியில்லாமல் எடுத்த மரம், இன்றைக்கு அதுதான் உயர்ந்த ஜாதி. மரத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது காது அல்ல, வியாபாரம்.

நம் ஊர்ச் சீதோஷ்ணத்தைப் பற்றியும் கடைக்காரர்கள் வாய் திறப்பதில்லை. கித்தார் தயாரிப்பாளர்களே காற்றில் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்கிறார்கள். ஈப்போ இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் அது 80ஐ ஒட்டி நிற்கிறது. மாலை மழைக்குப் பிறகு அதையும் தாண்டும். முழு மரப் பலகை ஈரம் குடித்து உப்புகிறது, பிரிட்ஜுக்குப் பின்னால் வயிறு தள்ளுகிறது, கம்பி உயர்ந்து விரலை அறுக்கிறது. ராத்திரி ஏர்கான் அறையில் வைத்தால் சுருங்குகிறது. ஒட்டுப்பலகைக் கித்தார் இதையெல்லாம் தாங்கும். அந்தக் காலத்தில் தோட்டத்து லயன் வீடுகளில் ஆணியில் தொங்கிய கப்போக் முத்திரைக் கித்தாரை யார் பொத்திப் பொத்தி வைத்தார்கள்? ஒட்டுப்பலகை, துருப்பிடித்த கம்பி. அதில்தான் ஒரு தலைமுறையே கார்டு பிடிக்கக் கற்றது. கோயில் திருவிழா மேடை முதல் தீபாவளிக் கலைநிகழ்ச்சி வரை அந்தக் கப்போக்தான் வந்தது.

இப்போது பால் மரத்துக்கு வருகிறேன். என் கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1877 இல் லண்டன் கியூ தோட்டத்து விதையில் முளைத்த 22 நாற்றுகள் இலங்கை வழியாகச் சிங்கப்பூர் வந்தன. அதில் 9 பேராக்கின் கோலகங்சாருக்கு வந்து மண்ணில் இறங்கின. அந்த முதல் மரங்களில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த காடு முழுவதும் நம் பாட்டன் பாட்டி வெட்டிய காடு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மங்கு மங்காகப் பால் எடுத்து, ஒட்டுப்பால் பொறுக்கி வளர்த்த குடும்பங்கள் நாம். அந்த மரம் பால் வற்றி, இருபத்தைந்து முப்பது வயதில் வெட்டப்படும்போது ஒரு காலத்தில் விறகாகத்தான் போயிற்று. காரணம் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். அறுத்துச் சில நாள் சும்மா போட்டாலே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். பிறகு போரான் உப்பை ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்தது. 1980களில் மலேசிய மரச்சாமான் ஏற்றுமதியே இந்த மரத்தின் மேல்தான் எழுந்து நின்றது. வெள்ளைக்காரன் வீட்டுச் சாப்பாட்டு மேசை, குழந்தைத் தொட்டில், நாற்காலி எல்லாம் இதில்தான். கன மீட்டருக்கு 600 கிலோவை ஒட்டிய எடை. மஹோகனியும் ஏறக்குறைய அதே எடைதான். ஆணியும் திருகாணியும் நன்றாகப் பிடிக்கும், அறுக்கவும் இழைக்கவும் எளிது. தொட்டிலுக்கு ஆகிற மரம் கித்தாருக்கு ஆகாதா? ஒட்டுப்பலகையும் தீக்குச்சியும் அரண்மனைக் கூரை ஏறலாம், பால் மரம் ஒரு கல்யாண மேடைகூட ஏறக் கூடாதா?

வெள்ளைக்காரன் கேவலமாகச் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். சொன்னவர் நம் ஆள். பால் மரத்தில் சோறு தின்ற வீட்டுப் பேரன். 1950, 60களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடல் நடந்தபோது நம் சனங்கள் சட்டி பானையோடு நடுத்தெருவுக்கு வந்தார்கள். மலேசிய இந்தியர்களின் தலைவர் துன் சம்பந்தன் 1960 இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தோட்டம் வாங்கப் புறப்பட்டது அந்த வயிற்றெரிச்சலில்தான். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடத்தில் வீடமைப்புப் பகுதி வந்தது. லயன் வீட்டை இடித்தார்கள், பல இடத்தில் கோயிலையும் நகர்த்தினார்கள். கையில் மிஞ்சியது அந்த மரத்தைப் பற்றிய அறிவு ஒன்றுதான். அதையும் ‘அடுப்புக்கு ஆகும்’ என்று நாமே தூக்கிப் போட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். ஈப்போ புந்தோங்கில் எந்தப் பையனைக் கேட்டாலும் கிப்சன் கித்தார் மாடல் பத்தின் பெயரை ஒப்பிப்பான். ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டில் கித்தார் வாசித்தது யார் என்று கேளுங்கள், விழிப்பான். ஆர். சந்திரசேகர் என்று சொல்லிக் கொடுக்க நமக்கு நேரமில்லை. இளையராஜாவின் பாடல்களுக்கு எத்தனையோ ஆண்டுகள் வாசித்த சதானந்தத்தின் பெயர் எத்தனை மேடைக் கலைஞர்களுக்குத் தெரியும்? 1982 இலிருந்து நாம் உருகிக் கேட்கும் ‘இளைய நிலா’ கித்தாரின் முதுகு எந்த மரம் என்று கேட்டு ஒருவராவது பாட்டை நிறுத்தியதுண்டா? மரத்தின் பெயர் தெரியும், மனிதனின் பெயர் தெரியாது. இப்படி ஒரு ரசனையை வளர்த்து வைத்துவிட்டு, கல்யாணத்தில் நேரடி வாத்தியத்துக்குப் பதில் பென்டிரைவில் டிராக் போட்டுப் பாடுகிறார்களே என்று அந்தக் கலைஞர்களே புலம்புகிறார்கள். வாத்தியக்காரனுக்கு நீங்களே கொடுக்காத மதிப்பைக் கல்யாண வீட்டார் மட்டும் எங்கிருந்து கொண்டுவருவார்கள்?

பெற்றோரே, பிள்ளை கித்தார் கேட்டால் மலிவாக ஒன்று வாங்குங்கள், அல்லது செய்யச் சொல்லுங்கள். மிச்சப் பணத்தில் நட்டையும் ஃப்ரெட்டையும் ஒழுங்காகச் செட்டப் செய்து கொடுங்கள், கம்பியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், நல்ல ஆசிரியரிடம் அனுப்புங்கள். பிக்கப் மாற்ற ஆசைப்பட்டால் மாற்றட்டும், அதில் அர்த்தம் இருக்கிறது. மரத்துக்காக ஒரு காசு கடன் வாங்காதீர்கள்.

பேராக்கில் மரப்பட்டறையும் மரச்சாமான் தொழிற்சாலையும் நடத்துகிறவர்களுக்கும், அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓர் எலக்ட்ரிக் கித்தார் உடலுக்கு 46 செண்டிமீட்டர் நீளம், 33 செண்டிமீட்டர் அகலம், நாலரை செண்டிமீட்டர் தடிப்பு போதும். இரண்டு மூன்று துண்டை ஒட்டியும் எடுக்கலாம். போரான் ஏற்றி நன்றாகக் காய்ந்த அப்படிப்பட்ட துண்டுகளை எரிக்காதீர்கள், கேட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.