மண்டாடியின் கணக்கு

திருகோணமலையிலிருந்து புல்மோட்டை செல்லும் வீதியில் நிலாவெளியைத் தாண்டினால் வருவது இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, இடையே ஒரு பாலம். இந்தக் கரையோர வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு, 'அறிவு ஒன்றா, பலவா?' என்ற உளவியலாளர்களின் வாதம் புதிதாகத் தோன்றாது.

கரைவலைத் தொழிலில் மண்டாடி என்றொருவர் உண்டு. நீரின் நிறம் மாறுவதையும் பறவைகள் தாழ்ந்து பறப்பதையும் பார்த்து, மீன் கூட்டம் எப்பக்கம் நகர்கிறது என்று சொல்பவர் அவர். அவரது கணிப்புப் பிழைத்தால் வலை இழுக்கும் அத்தனை பேரின் உழைப்பும் வீண். காற்றும் நீரோட்டமும் தூரமும் அவர் மனதில் ஒரே கணக்காக ஓடுகின்றன. ஆனால் அந்தக் கணக்குக்குப் புள்ளியிடும் வினாத்தாள் எந்தப் பரீட்சை மண்டபத்திலும் இல்லை.

அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் 1983இல் பன்முக நுண்ணறிவுக் கோட்பாட்டை வெளியிட்டபோது எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் பசுபிக் தீவொன்றின் கடலோடிகளும் அடங்குவர். மொழி, தர்க்கம்-கணிதம், இடவுணர்வு, உடலியக்கம், இசை, பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு நுண்ணறிவுகளை அவர் வகுத்தார். இயற்கையைப் பகுத்தறியும் ஆற்றலைப் பின்னர் எட்டாவதாகச் சேர்த்தார். பாடசாலைகள் முதலிரண்டை மட்டும் அளந்துவிட்டு அதையே முழு அறிவு என்று கொண்டாடுவதை அவர் கண்டித்தார். அந்தக் கண்டனம் நியாயமானது. எனினும், இந்த ஆற்றல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தனித்தனியே இயங்குகின்றன என்பதற்குப் போதிய சான்றில்லை என்று உளவியலாளர் பலர் மறுத்திருக்கிறார்கள். எல்லா ஆற்றல்களுக்கும் அடியில் ஒரு பொது அறிவாற்றல் உண்டென 1904இலேயே சார்ள்ஸ் ஸ்பியர்மன் வாதிட்டிருந்தார். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

கோட்பாட்டைவிட என்னைக் கவலைப்படுத்துவது அதன் பயன்பாடுதான். வெவ்வேறு தொழில்களில் நாட்டமுள்ளோரிடம் வினாக்கொத்துக் கொடுத்து, பொறியியலை விரும்புவோருக்குத் தர்க்க அறிவு அதிகம், ஆசிரியத்தை விரும்புவோருக்குப் பிறரை அறியும் அறிவு அதிகம் என்று ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. இத்தகைய வினாக்கொத்துகள் பெரும்பாலும் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்வதையே பதிவு செய்கின்றன. பாட்டை விரும்புகிறவர் தமக்கு இசையறிவு உண்டென எழுதுவதில் வியப்பென்ன? விருப்பத்தைக் கேட்டு, அதற்கு அறிவு என்று பெயரிட்டு, இரண்டும் பொருந்துகின்றன என்று முடிவு கூறுவது ஆராய்ச்சியாகாது.

இன்னொன்று. நாட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. இலங்கையில் க.பொ.த. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே உண்டு. 1சி தரப் பாடசாலைகளில் கலையும் வர்த்தகமும்தான். அப்பாடசாலையில் படித்து, தொலைவிலுள்ள நகருக்குச் செல்ல வசதியில்லாத பிள்ளை கலைப்பிரிவைத் தேர்ந்தால், அதை நாட்டம் என்பதா, வழியின்மை என்பதா? நானும் கலைப்பட்டதாரிதான். கலைக்கல்வியை இழித்துப் பேசுவது என் நோக்கமன்று. தேர்வதற்கு இரண்டாவது வழி இருந்தால்தான் அது தேர்வு என்கிறேன். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளியில்தான் இருக்கிறது. அங்கே கணினி விஞ்ஞானமும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. ஆனால் உயர்தரத்தில் உரிய பாடங்களைப் படிக்க வாய்க்காத பிள்ளைக்கு, அயலிலிருக்கும் அந்த வாசலும் தொலைதூரமே.

இங்கேதான் ஆபத்து. 'கடற்கரைப் பிள்ளைக்கு உடலியக்க அறிவு, பட்டணத்துப் பிள்ளைக்குக் கணித அறிவு' என்று பாராட்டுப் போலச் சொல்லிவிட்டால், பிறப்பால் தொழில் வகுத்த பழைய ஏற்பாடு உளவியல் மொழியில் திரும்பி வந்துவிடும். மண்டாடியின் மகன் கடலறிவு உள்ளவன் என்பது உண்மையாக இருக்கலாம். அது தந்தையோடு கழித்த காலத்தின் பயன். அதே காலத்தை ஓர் ஆய்வுகூடத்தில் கழிக்க வாய்த்திருந்தால் அவன் என்னவாகியிருப்பான் என்பதை எந்த வினாக்கொத்தும் சொல்லாது.

ஆகவே, பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சையால் பிள்ளைகளைத் தரம் பிரிப்பதும் தவறு, எட்டு வகை அறிவுப் பட்டியலால் தரம் பிரிப்பதும் தவறு. மண்டாடியின் அறிவுக்கு மதிப்பும் அவரது பிள்ளைக்கு விஞ்ஞான ஆசிரியரும் ஒருசேரக் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை மறுப்பவர், எந்த அறிவைப் புகழ்ந்தாலும் அந்தப் பிள்ளைக்கு நீதி செய்தவராகார்.