விலை போகாத கலப்பை

கிணற்றடியில் ஓடும் பம்புசெட்டில் 'கிர்லோஸ்கர்' என்ற பெயரைப் பார்த்த விவசாயிகள் தமிழ்நாட்டில் ஏராளம். அது ஒரு மராட்டியக் குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தின் தொழிலைத் தொடங்கியவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர்.

பெல்காம் பகுதியில் 1869-ம் ஆண்டு பிறந்தவர் அவர். ஓவியர் ஆக ஆசைப்பட்டு பம்பாய் போனார். ஆனால், சில நிறங்கள் அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஓவிய ஆசை முறிந்தது. படம் வரையும் கை வீண் போகவில்லை. எந்திரங்களின் படம் வரையப் பழகி, அதையே கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் ஆனார்.

சைக்கிள் கடை

1888-ல் பெல்காமில் சைக்கிள் கடை தொடங்கியது. லட்சுமணராவ் பம்பாயில் சைக்கிள் வாங்கி அனுப்புவார். அவருடைய அண்ணன் ஊரில் அதை விற்பார், ஓட்டவும் கற்றுக்கொடுப்பார். பிறகு லட்சுமணராவ் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார். சிறு பட்டறை எழுந்தது. மாட்டுத் தீவனம் வெட்டும் கருவி வந்தது. 1903-ல் இரும்புக் கலப்பை வந்தது.

மண்ணுக்கு விஷமா?

மரக் கலப்பை மண்ணைக் கீறும். இரும்புக் கலப்பை ஆழமாக உழுது மண்ணைப் புரட்டிப் போடும். ஆனால் வாங்க ஆள் இல்லை! இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். முதல் கலப்பை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

விவசாயிகளின் அறியாமைதான் இதற்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது முழு நியாயம் அல்ல. விவசாயிக்குப் பிழைப்பு அந்த ஒரு நிலம்தான். அவன் நம்பியிருப்பது ஒரு மழைக்காலம். புதுக் கருவி காலை வாரினால், பட்டினி கிடப்பது அவன் வீட்டுப் பிள்ளைகள். தயக்கம் அவனுக்கு வேலி போன்றது.

லட்சுமணராவ் அந்த வேலியைத் தாண்டிக் குதிக்கவில்லை. கதவு திறக்கும்வரை காத்திருந்தார். கலப்பை செய்வதை விட்டுவிடவும் இல்லை.

கள்ளிக்காட்டில் ஓர் ஊர்

பெல்காமில் பட்டறை இருந்த இடத்தைக் காலி செய்ய நேர்ந்தது. ஔந்த் சமஸ்தான மன்னர் கைகொடுத்தார். கள்ளி மண்டிய 32 ஏக்கர் தரிசு நிலமும் 10,000 ரூபாய் கடனும் கிடைத்தன. 1910-ல் அங்கே கிர்லோஸ்கர்வாடி என்ற தொழில் ஊர் பிறந்தது. அங்கே தீண்டாமைக்கு இடம் இல்லை. சிறை சென்று மீண்டவர்களை இரவுக் காவலுக்கு வைத்தார் அவர். ஊர் நம்பாத மனிதர்களை நம்பினார்!

மகன் சாந்தனுராவ் அமெரிக்காவில் எந்திரவியல் படித்துத் திரும்பி, தொழிலைப் பெருக்கினார். பம்பும் எஞ்சினும் நாடெங்கும் போயின. 1956-ல் லட்சுமணராவ் காலமானார். 1969-ல், அவருடைய நூற்றாண்டு விழாவை ஒட்டி இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது.

புதுப் பொருளை விற்க வருகிறவர்கள், வாங்கத் தயங்குகிறவர்களை 'விவரம் தெரியாதவர்கள்' என்று பேசுவது இன்றும் உண்டு. அப்படிப் பேசுவது எளிது. பொருளை நன்றாகச் செய்துவிட்டு, பொறுமையாகக் காத்திருப்பதுதான் கடினம். அந்தக் கடினமான வேலையைச் செய்தவரின் பெயர்தான் இன்றும் கிணற்றடியில் நிற்கிறது.