உள்ளே போவது எது?

குழந்தையின் கரப்பானுக்கு ஸ்டீராய்டு களிம்பு போட்டால் நோய் உள்ளே போய் இளைப்பாகத் திரும்பி வரும் என்று நான்கு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதியிருக்கிறார் ஒருவர். அந்தக் கட்டுரையாளர் கணக்கில் கரப்பான் ஒரு நோயே இல்லை. உடம்பு வெளியே தள்ளும் கழிவு. தாயின் சூடும் கெட்ட ரத்தமும் பிள்ளையின் கன்னத்தில் கசிகின்றன. வழியை அடைக்காமல் விட்டால் தானே தீரும். தாய்க்குப் பத்தியம், பிள்ளைக்குத் தைலம், வீட்டாருக்குப் பொறுமை. பொறுமையாக இருக்கச் சொல்வது சுலபம்தான். சொறிவது அவரில்லை.

அவருடைய வாதத்தின் உயிர் ஒரே ஒரு கவனிப்பில் இருக்கிறது. களிம்பு போட்ட குழந்தைகளில் பலருக்குப் பின்னாளில் வீசிங் வருகிறது. இது பொய்யில்லை. ஆனால் கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்குத்தான் பிற்பாடு இளைப்பும் மூக்கொழுகலும் வரும் வாய்ப்பு அதிகம். அதே குழந்தைக்குத்தான் களிம்பும் அதிகம் போட நேர்கிறது. நனைந்து வந்தவர்கள் எல்லார் கையிலும் குடை இருக்கிறது, எனவே மழையைக் கூப்பிட்டது குடைதான் என்பது போன்ற கண்டுபிடிப்பு இது.

ஆண்டுகளைப் பார்த்திருந்தாலே இந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது. அரிக்கும் தோல்நோய் உள்ளவர்களுக்கு இளைப்பும் மூக்கு ஒவ்வாமையும் சேர்ந்து வருவதை பாரிஸ் மருத்துவர் எர்னஸ்ட் பெஸ்னியே 1892-இல் எழுதிவைத்தார். 1933-இல் அமெரிக்காவில் வைஸும் சுல்ஸ்பெர்கரும் அந்த நோய்க்கு ‘அடோபிக் டெர்மடைடிஸ்’ என்று பெயரிட்டார்கள். தோலில் பூசும் ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு பலன் தருகிறது என்ற அறிக்கை 1952-இல்தான் வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவர் அதே சுல்ஸ்பெர்கர். கரப்பானும் இளைப்பும் கைகோத்து வந்ததை மருத்துவர்கள் பார்த்து அறுபது ஆண்டு கழிந்த பிறகு பிறந்த களிம்பின் மேல் பழியைப் போடுகிறார் நம்மவர்.

இந்த ‘உள்ளே போகும்’ பயத்தை அவர் நம் பாட்டிமார் விட்டுச்சென்ற ஞானமாகக் கொண்டாடுகிறார். பாட்டிமாரும் சொன்னார்கள்தான். ஆனால் தோலில் வரும் அரிப்பை மேல்மருந்தால் அடக்கினால் அது உள்நோய்களாக உருமாறும் என்பதைப் பெரிய கோட்பாடாகவே எழுதிவைத்தவர் ஹோமியோபதியின் தந்தை சாமுவேல் ஹானிமன். ஆண்டு 1828, நாடு ஜெர்மனி. அவர் மனத்தில் இருந்த அரிப்புகளில் சிரங்கும் ஒன்று. சிரங்குக்குக் காரணம் கண்ணுக்கு எட்டியும் எட்டாத ஒரு பூச்சி என்று இத்தாலியரான போனோமோ 1687-இலேயே எழுதியிருந்தார். 1834-இல் பாரிஸில் ரெனுச்சி என்ற மாணவர் அதைத் தோலிலிருந்து ஊசிமுனையில் எடுத்துக் காட்டிய பிறகு மருத்துவ உலகம் வாயை மூடிக்கொண்டது. பூச்சி செத்தபின் உள்ளே போக எது மிச்சம்?

இப்போது தோலுக்கு வருவோம். தோலின் மேலடுக்கைக் கட்டி நிறுத்தி ஈரத்தைப் பிடித்துவைக்கும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். அதற்கான மரபணுவில் குறை உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்று ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். கரப்பான் உள்ள எல்லாக் குழந்தைக்கும் இந்தக் குறை இருப்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு: தோல் கசிகிறது. உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகிறது. வெளியிலிருக்கும் தூசும் கிருமியும் உணவுத் துகளும் உள்ளே வருகின்றன. கழிவு வெளியேறும் வாசல் என்று கட்டுரையாளர் திறந்துவைக்கச் சொல்வது இதைத்தான்.

அந்த வாசல் வழியாக என்ன நுழையும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பலருக்குச் சிறுவயதில் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்டிருந்ததை 2003-இல் பிரிட்டன் ஆய்வு ஒன்று கண்டது. அதில் பங்கெடுத்த கிடியன் லேக் 2008-இல் ஒரு விளக்கம் முன்வைத்தார்: வாய்வழி போகும் உணவை உடம்பு உறவாக ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது, புண்பட்ட தோல்வழி நுழையும் அதே உணவைப் பகையாகக் குறித்துவைக்கிறது. ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச்சோப்பைத் தேய்த்து 2000 பேருக்கு மேல் ஒவ்வாமைக்கு ஆளானார்கள்; அதுவரை கோதுமை சாப்பிட்டு வந்தவர்களுக்கு அதன்பின் அது ஒத்துக்கொள்ளவில்லை. நம் கட்டுரையாளர் என்ன சொல்கிறார்? கசியும் கன்னத்தில் பச்சைப்பயறு மாவும் கடலை மாவும் பாலாடையும் குழைத்துத் தேய்க்கச் சொல்கிறார். நல்ல தோலுக்கு நலங்கு மாவு தேய்ப்பதோடு எனக்குச் சண்டையில்லை. வெடித்த தோலில் பருப்பையும் பாலையும் தேய்க்கச் சொல்பவர் ‘உள்ளே போகும்’ என்று பிறரைப் பயமுறுத்துவதுதான் வேடிக்கை.

தோலைக் களிம்பால் ஆற்றினால் நோய் உள்ளே போகிறதா என்று சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2023-இல் வெளியான ஜப்பான் ஆய்வு: கரப்பான் உள்ள 7 முதல் 13 வாரக் கைக்குழந்தைகள் 650 பேர். ஒரு பாதிக்கு ஸ்டீராய்டு களிம்பால் தீவிரச் சிகிச்சை, மறுபாதிக்கு வழக்கமான சிகிச்சை. 28 வார வயதில் முட்டை ஒவ்வாமை தீவிரச் சிகிச்சை பெற்றவர்களில் 31.4 விழுக்காடு, மற்றவர்களில் 41.9 விழுக்காடு. அதிகம் அமுக்கியவர்களுக்குக் குறைவு; குறைவாக அமுக்கியவர்களுக்கு அதிகம். அதே ஆய்வில் தீவிரச் சிகிச்சை பெற்ற குழந்தைகளின் எடையும் உயரமும் சற்றே குறைந்திருந்தன என்பதையும் அந்த மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆகவே அந்த முறையை அப்படியே எடுத்து ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பூசுங்கள் என்று நான் சொல்லவில்லை. மருந்து என்றால் இப்படித்தான்: பலனுக்கும் எண் இருக்கும், கெடுதலுக்கும் எண் இருக்கும். தைலத்துக்கு இரண்டுமே இல்லை.

ஸ்டீராய்டைக் கண்டு பயப்பட நம் ஊரில் காரணமே இல்லையா? இருக்கிறது, நிறைய. கட்டுரையாளர் அச்சிட்ட படங்கள் பொய்யல்ல: மெலிந்து சிவந்து நரம்போடிய முகங்கள். ஆனால் அந்த முகங்கள் எப்படி வந்தன என்று அவர் சொல்லவில்லை. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய, ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் ஒரே குழாயில் கலந்த களிம்புகள். நிறம் வெளுக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பூசியவை. படர்தாமரைக்குப் பூசி அதை இன்னும் பரப்பிக்கொண்டவை. தோல் மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் கத்திய பிறகு, 2018-இல் ஒன்றிய அரசு 14 ஸ்டீராய்டு களிம்புகளை மருந்துச்சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது. கடைக்காரர் இன்றும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார் என்பது வேறு கதை. அந்தக் கதையை எழுதியிருந்தால் அவருக்கு மாலை போட்டிருப்பேன்.

அவர் செய்திருப்பது, வீரியமான ஸ்டீராய்டான குளோபெட்டசாலின் படத்தைக் காட்டி ஹைட்ரோகார்ட்டிசோனுக்குத் தீர்ப்பு எழுதுவது. இரண்டுக்கும் வீரியத்தில் பல நூறு மடங்கு வித்தியாசம். கைக்குழந்தையின் கன்னத்துக்கு மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் ஒரு விழுக்காட்டு ஹைட்ரோகார்ட்டிசோன். பட்டியலில் ஆக மென்மையான ஒன்று. எவ்வளவு என்பதற்கும் கணக்குண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது பெரியவரின் இரண்டு கையளவு பரப்புக்குப் போதும். சிவப்பும் அரிப்பும் அடங்கும்வரை, பெரும்பாலும் ஓரிரு வாரம், பூசி நிறுத்துவது. அடிக்கடி அதே இடத்தில் திரும்புகிறதென்றால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசச் சொல்வார்கள். பயந்து பயந்து கடுகளவு தடவி, இரண்டாம் நாளே நிறுத்தி, ஐந்தாம் நாள் திரும்பியதும் ‘பார்த்தாயா, பழக்கப்படுத்திவிட்டது’ என்று சொல்லும் வீடுகள்தான் அதிகம். அணையாத நெருப்பை அணைந்துவிட்டது என்று விட்டால் மூளத்தான் செய்யும். வீரியமான களிம்பை நெடுநாள் பூசி நிறுத்தும்போது தோல் எரிந்து சிவக்கும் பிரச்சினை உண்மையிலேயே உண்டு. பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் அதைப் பற்றி எச்சரித்தது. அதையும் ஓரிரு வாரம் பூசும் மென்மையான களிம்பையும் ஒன்றாக்குவதுதான் மோசடி.

தேங்காய் எண்ணெய் விஷயத்தில் அவரோடு பாதி தூரம் வருகிறேன். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் சோதித்ததில், சுத்தமான தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிட நல்ல பலன் தந்தது, 2014-இல் வெளியானது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் குளிப்பாட்டி, ஒற்றித் துடைத்து, ஈரம் காயுமுன் தாராளமாகப் பூசினால் அதுவும் நல்லது, பெட்ரோலியம் ஜெல்லியும் நல்லது. எந்தக் குழந்தைக்கும் பிறந்த நாள் முதல் ஈரப்பசைக் களிம்பு பூசினால் கரப்பானே வராது என்று விளம்பரம் செய்யும் நிறுவனங்களும் அவருக்குச் சளைத்தவை அல்ல. பிரிட்டனில் 1394 குழந்தைகளிடம் சோதித்து 2020-இல் வெளியான ஆய்வில் அப்படித் தடுப்பு எதுவும் கிடைக்கவில்லை. வந்துவிட்ட வறட்சியை எண்ணெய் ஆற்றும். சிவந்து வீங்கிக் கொதிக்கும் தோலை எண்ணெய் மட்டும் ஆற்றாது. குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டச் சொல்கிறாரே, இளைப்புக்குப் பயந்தவர் பேச்சா அது?

பத்தியம். கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் என்று கரப்பான் பண்டங்களின் பட்டியல் ஒரு முழுப் பக்கம். பாலூட்டும் தாய்க்கு ரசம் சோறு. முட்டையோ பாலோ கொடுத்த சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடித்து, வாந்தியெடுத்தால் அது ஒவ்வாமை. மருத்துவர் பார்க்க வேண்டியது. அப்படி எதுவும் இல்லாத பிள்ளைக்குக் கரப்பான் இருக்கிறது என்பதற்காகவே பாலை நிறுத்தினால் கரப்பான் போவதில்லை, எடைதான் போகிறது. கரப்பானுக்கும் சந்தேக ஒவ்வாமைக்கும் பயந்து பாலை நிறுத்தி அரிசிப் பானம் கொடுத்ததில் அமெரிக்கக் குழந்தைகளுக்கே புரதக்குறைவால் உடம்பு வீங்கும் குவாஷியார்க்கர் வந்ததை 2001-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்தது.

பிறகு அவர் சிபாரிசு செய்யும் ‘ஸ்டீராய்டே இல்லாத’ மூலிகைக் களிம்பு. மூன்று நாளில் தோல் பளபளக்கும் என்கிறார். பர்மிங்ஹாமில் பெற்றோர் கொண்டுவந்து கொடுத்த 24 மூலிகைக் களிம்புகளைச் சோதித்து 2003-இல் எழுதினார்கள்: 20-இல் ஸ்டீராய்டு. சிலவற்றில் இருந்தது குளோபெட்டசால், ஆக வீரியமானது. மருத்துவர் பூச மறுப்பதைப் பெயர் தெரியாத டப்பாவிலிருந்து பிள்ளையின் கன்னத்தில் பூசிவிட்டு, ஸ்டீராய்டிலிருந்து தப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். கட்டுரையாளர் சிபாரிசு செய்யும் களிம்பில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதுதான் பிரச்சினை. ஆய்வகத்துக்கு அனுப்பட்டும், செலவை நான் ஏற்கிறேன்.

இதையெல்லாம்கூட அபிப்பிராய பேதம் என்று விடலாம். விட முடியாத ஒன்று உண்டு. உதட்டோரம் கொப்புளம் வந்த பெரியவர் ஒருவர் கொஞ்சி முத்தமிட்டாலே அந்த ஹெர்பிஸ் வைரஸ் கரப்பான் தோலில் தொற்றிக்கொள்ளக்கூடும். கரப்பான் உள்ள இடங்களில் ஒரே அளவான நீர்க்கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பும். உடைந்தால் தோலைத் துளைபோட்டு எடுத்தது போல வட்டவட்டமான புண். கூடவே காய்ச்சல், வலி. எக்ஸிமா ஹெர்பெட்டிகம் என்பார்கள். கண்ணருகில் வந்தால் பார்வைக்கே ஆபத்து; உடம்பெங்கும் பரவினால் உயிருக்கே ஆபத்து. அசைக்ளோவிர் என்ற மருந்தை நேரத்தோடு தொடங்கினால் குழந்தை பிழைத்துக்கொள்ளும். நம் வீடுகளில் கொப்புளமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் என்ன சொல்வோம்? அம்மை போட்டிருக்கிறது என்போம். வாசலில் வேப்பிலை செருகி, மருந்து கூடாது, குளிர்ச்சி கொடு, தண்ணீர் ஊற்றும்வரை வெளியே தூக்காதே என்போம். கழிவு வெளியேறுகிறது என்று ஏற்கெனவே நம்பவைக்கப்பட்ட தாய் இந்தக் கொப்புளத்தைப் பார்த்து, நன்றாக வெளியேறுகிறது என்றுகூட நினைப்பாள்.

கரப்பான் திடீரென்று மோசமாகி, கொப்புளமும் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று ஒரு வரி அந்த நான்கு பக்கத்தில் எங்கும் இல்லை. கத்தரிக்காய்க்கு ஒதுக்கிய பக்கத்தில் அதற்கு இடமிருந்தது.