அவளிடம் கேட்டீர்களா?

'பெற்றவளின் அந்தரங்கம்' என்பதைக் கடந்த ஆறு ஆண்டுகளில் நான் கேட்ட அளவுக்கு வேறெதையும் கேட்டதில்லை. காப்பகத்தில் சொன்னார்கள், மாவட்ட அலுவலகத்தில் சொன்னார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியம்மாவும் சொன்னார். என்னைப் பெற்றவளைத் தேடுகிறேன் என்று வாயைத் திறந்ததுமே எல்லோருக்கும் அவள்மீது அக்கறை பொங்கிவிடுகிறது. 1986இல் நிறைமாத வயிற்றோடு அவள் நின்றபோது இதில் கால்வாசி இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

அவ்வளவு அலைச்சலுக்குப் பிறகு காப்பகம் எனக்குத் தந்தது ஒரே ஒரு தாளின் நகல். ஒப்படைப்புப் பத்திரம். பெயர்கள் இருந்த இடங்களை வெள்ளைத் தாள் வைத்து மறைத்து நகலெடுத்திருந்தார்கள். வயது 19. திருமணமாகாதவர். 'என் சுயவிருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி' என்று தட்டச்சு செய்த வரிக்குக் கீழே ஒரு கைநாட்டு. சாட்சி என்ற இடத்தில் 'தகப்பனார்' என்று எழுதியிருக்கிறது. அங்கே போட்டிருந்த கையெழுத்தின் வால் மட்டும் வெள்ளைத் தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தையின் தந்தை என்ற கட்டத்தில் வெறும் கோடு. நான் பிறந்த தேதிக்கும் பத்திரத்தின் தேதிக்கும் இடையே நான்கு நாள்.

பிரசவம் முடிந்து நான்கே நாளான பெண், தனக்குப் படிக்கத் தெரியாத தாளில் விரலை அழுத்தியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற அப்பாவுக்கோ சுழித்துக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கிறது. அந்தத் தாளில் இருப்பது யாருடைய சுயவிருப்பம்? ரகசியமாக இருக்கட்டும் என்று யார் கேட்டது? நாற்பது ஆண்டுகளாக இவர்கள் காப்பாற்றுவது அவளுடைய அந்தரங்கத்தை அல்ல, அவள் அப்பாவின் கௌரவத்தை என்றுதான் நான் படிக்கிறேன். கோடாகிவிட்ட அந்த ஆணைக் காப்பாற்றவோ ஒரு விதிகூடத் தேவைப்படவில்லை.

எனக்காவது ஒரு தாள் இருக்கிறது. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தின் பிள்ளைகளுக்கு இதுவும் கிடையாது. பெயர் சொல்லாமல் விட்டுப் போகலாம் என்பதுதான் அந்தத் தொட்டிலின் ஏற்பாடே. அது உயிர்களைக் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் பெண் பிள்ளை வேண்டாம் என்று சொன்ன கணவனையும் மாமனார் மாமியாரையும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொட்டிலில் கிடந்தவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

"வளர்த்தவங்க என்ன குறை வெச்சாங்க?" என்பது அடுத்த கேள்வி. ஒரு குறையும் இல்லை. என் முதல் விண்ணப்பத்தை உட்கார்ந்து திருத்தித் தந்ததே என் அம்மாதான். யசோதையைக் காட்டி என்னை அடக்கப் பார்ப்பவர்களுக்கு மீதிக் கதை மறந்துபோகிறது. தேவகியின் பெயரைக் கண்ணனிடமிருந்து காலமெல்லாம் யாரும் மறைத்து வைக்கவில்லை. அவன் மதுரா போனான், சிறையிலிருந்து அவளை விடுவித்தான். யசோதைக்கு நன்றி கெட்டவன் என்று அவனை யாரும் ஏசியதாகத் தெரியவில்லை. 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் பெற்றவளைத் தேடிப் போன சிறுமிக்காகத் தியேட்டரே அழுதது. அவளுக்கு ஒன்பது வயது. முப்பத்தொன்பது வயதுக்காரி தேடினால் மட்டும் அது திமிர்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்று 'வேரைத் தோண்டாதே' என்று எனக்குப் புத்தி சொல்லும் இதே உறவுக்கூட்டம், எனக்கு வரன் பார்த்தபோது கூடத்தில் உட்கார்ந்து கேட்டது: "பொண்ணு என்ன சாதின்னு ஏதாவது தெரியுமா?" என் நிறத்தைப் பார்த்தார்கள், மூக்கைப் பார்த்தார்கள், ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். என் பிறப்பைப் பற்றி ஊகிக்க ஊருக்கெல்லாம் உரிமை உண்டு, தெரிந்துகொள்ள எனக்கு மட்டும் இல்லை. இரண்டு சம்பந்தம் அந்தக் கேள்வியிலேயே கலைந்தது. நல்லவேளை.

சட்டத்துக்கு வருவோம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிள்ளையை ஒப்படைக்கும் பெற்றோர் மனம் மாற இரண்டு மாத அவகாசம் தருகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், வயது வந்த தத்துப்பிள்ளை தன் வேரைத் தேட உதவச் சொல்கின்றன. பெற்றவர் தன் அடையாளத்தை மறைக்கச் சொல்லியிருந்தால் அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். மறுத்தாலோ ஆள் கிடைக்காவிட்டாலோ, எந்தச் சூழலில் ஒப்படைத்தார் என்பதையாவது பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். ஆக, விதி 'கேள்' என்கிறது. என் விஷயத்தில் யாரும் போய்க் கேட்கவில்லை. கேட்காமலேயே அவளுக்குப் பதிலாக 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்கள், அன்று அவள் அப்பா அவளுக்குப் பதிலாகச் சொன்னதைப் போலவே. எனக்காக வேறொருவர் தேடவும் விதி இடம் தரவில்லை.

அவளுக்கு ஆபத்து வரலாம் என்ற பேச்சை நான் ஒதுக்கிவிடவில்லை. கட்டிய கணவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீட்டு வாசலுக்கு ஒரு அரசுக் கடிதம் போனால் அறுபதை நெருங்கும் வயதிலும் அவள் அடி வாங்கக்கூடும். இது நடக்கிற ஊர்தான் நம் ஊர். அதனால்தான் கடிதம் வேண்டாம், கணவனின் கைபேசிக்கு அழைப்பு வேண்டாம் என்கிறேன். பயிற்சி பெற்ற ஒரு பெண், அவள் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய்க் கேட்கட்டும். பெயரைச் சொல்லாமலே பிரசவிக்கப் பெண்ணுக்கு உரிமை தந்திருக்கும் பிரான்சிலேயே, பிள்ளை கேட்டு வந்தால் தாயைத் தேடிப் போய், ரகசியத்தை விலக்கச் சம்மதமா என்று கேட்பதற்கு 2002இல் ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். அயர்லாந்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் தகவல் வேறு, தொடர்பு வேறு என்று பிரித்தது. பிறப்புச் சான்றைப் பெறுவது பிள்ளையின் உரிமை. சந்திக்க விருப்பமில்லை என்று பதிவு செய்வது தாயின் உரிமை.

அவள் முடியாது என்றால் நான் நிறுத்திக்கொள்வேன். ஆனால் முடியாது என்று சொன்னது அவள்தான் என்று எனக்குத் தெரிய வேண்டும். என் மார்பில் கட்டியைப் பார்த்த டாக்டர், "அம்மாவுக்கு இருந்ததா?" என்று கேட்டபோது நான் விழித்தேனே, அதற்கும் ஒரு வரி பதில் வேண்டும். பதில் சொல்ல அவள் பெயரை வெளியிடத் தேவையில்லை.

போன ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டேன். பெயரோ முகவரியோ கேட்கவில்லை. வேர் தேடி இந்த மாவட்டத்தில் எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, அவற்றில் எத்தனைக்குப் பெற்றவளை நேரில் பார்த்துச் சம்மதம் கேட்டீர்கள் என்று இரண்டே எண்கள் கேட்டேன். 'அவ்வாறு தொகுக்கப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று பதில் வந்திருக்கிறது. மேல்முறையீடு செய்திருக்கிறேன்.