விதைநெல்லை விற்கலாமா?

(மூன்றாமாண்டு, பி.ஏ. பொருளியல்)

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பழமொழியை நம்பி ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பணத்தைக் கொட்டுகிற ஒரு விளையாட்டு உண்டு. அதுதான் அமெரிக்கக் கால்பந்து. கால்பந்து என்றதும் நம் கல்லூரி மைதானத்தில் மாலை வேளையில் உதைபடும் பந்தை நினைத்துவிட வேண்டாம். இது இருமுனையும் கூர்ந்த பந்து. இங்கே காலைவிடக் கைக்கே வேலை அதிகம். ஒருவர் பந்தை எறிய வேண்டும். இன்னொருவர் ஓடிப் பிடிக்க வேண்டும். எதிரணியினர் அவர்களை மண்ணில் சாய்க்க வேண்டும். எறிகிறவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அணியின் மூளை அவரே. ஓடிப் பிடிப்பவர் ரிசீவர். இவ்விரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரைக்குப் போதும்.

அந்த ஆட்டத்தில் நான் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ரசிகன். எங்கள் பெரியப்பா மகன் விஸ்கான்சின் மாநிலத்தில் வேலை பார்க்கிறார். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, பள்ளிக்கூடம் இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்த எனக்கு, அண்ணன் தொலைபேசி வழியாகவே இந்த ஆட்டத்தின் அரிச்சுவடியைக் கற்றுக்கொடுத்தார். மைதானத்தில் ஆட்டமே நடக்காத மாதம் அது. ஆகவே நான் முதலில் கற்றது ஆட்டத்தை அன்று. ஆள் சேர்க்கும் கலையை. அதனால்தானோ என்னவோ, இன்றும் ஆட்டம் நடக்கும் மாதங்களைவிட, அணிகள் ஆள் எடுத்தும் விடுத்தும் கொள்கின்ற ஓய்வு மாதங்களே எனக்குச் சுவையாக இருக்கின்றன. அந்த ஓய்வு மாதங்களைப் பற்றி ஒரு ரசிகனின் கருத்தைச் சொல்வதே என் நோக்கம்.

கடைசியில் நிற்பவனுக்கு முதல் அழைப்பு

பிப்ரவரியில் சூப்பர் பவுல் என்னும் இறுதி ஆட்டம் முடிகிறது. மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி மாறுகிறார்கள். ஏப்ரலில் 'டிராஃப்ட்' வருகிறது. கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களை 32 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் திருவிழா அது. மொத்தம் ஏழு சுற்றுகள். நம்மூர்க் கலந்தாய்வில் மதிப்பெண் கூடியவருக்கு முதல் அழைப்பு. அங்கே தோல்வி கூடிய அணிக்கு முதல் அழைப்பு. கோப்பையை வென்ற அணி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். எல்லாம் முடிந்து ஆகஸ்டு இறுதியில் ஒவ்வோர் அணியும் தன் பட்டியலை 53 பேராகச் சுருக்கிக்கொள்கிறது.

இந்த முறையை 1935-இல் முன்மொழிந்தவர் பெர்ட் பெல். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த பிலடெல்பியா அணியின் உரிமையாளர் அவர். பணக்கார அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டால் ஏழை அணிகள் அழியும். ஏழை அணிகள் அழிந்தால் பணக்கார அணி யாரோடு ஆடும்? அவர் கேட்டது இவ்வளவே. 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை என்பது வேடிக்கை. போட்ட முதல் விதையே முளைக்கவில்லை!

இதில் குறை இல்லாமலும் இல்லை. இருபத்தோரு வயது இளைஞன் ஒருவன், தான் எந்த ஊரில் வாழ வேண்டும், யாரிடம் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்க முடிவதில்லை. தொழிலாளர் உரிமை பேசுகிறவர்கள் இதைக் கண்டிப்பது நியாயமே. ஆனால் இம்முறை இல்லாவிட்டால் என் அணி இன்றைக்கு இருந்திருக்குமா என்பது ஐயமே.

ஏனெனில் கிரீன் பே ஒரு சிற்றூர். மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு லட்சந்தான். நியூயார்க்கும் சிகாகோவும் லாஸ் ஏஞ்சலிஸும் ஆடுகிற ஆட்டத்தில் இந்த ஊர் 1919 முதல் நிற்கிறது. அணிக்குத் தனி முதலாளி கிடையாது. 1923-இலிருந்து மக்களிடம் பங்கு விற்றே அணியைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கு மேல். அந்தப் பங்குக்கு இலாபம் கிடையாது. சந்தையில் விற்கவும் முடியாது. 2021-இல் அண்ணனும் 300 டாலர் கொடுத்து ஒரு பங்கு வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். "முந்நூறு டாலருக்கு ஒரு கடுதாசியாடா?" என்று பெரியம்மா கேட்டது எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்புக்கு இடமான பேச்சு.

இப்படிப்பட்ட ஊரணிக்கு டிராஃப்ட் உரிமை என்பது விதைநெல். மேலும் ஒரு கணக்கு உண்டு. ஒவ்வோர் அணியும் வீரர்களின் ஊதியத்துக்குச் செலவிடும் தொகைக்கு 1994 முதல் உச்சவரம்பு இருக்கிறது. 2025-இல் அது 27 கோடியே 92 லட்சம் டாலர். 2010-இல் முதலாவதாகத் தேர்வான வீரருக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. புதியவர்களின் ஊதியத்தை வரையறுத்த பிறகு, 2011-இல் முதலாவதாக வந்தவருக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 2 கோடியே 20 லட்சம். ஆகவே இளம் வீரன் ஒருவன் தேறிவிட்டால், அவனுக்குக் கொடுப்பது குறைவு. மிச்சத்தை வைத்து மற்ற இடங்களை நிரப்பலாம். விதைநெல்லின் மதிப்பு முன்னைக் காட்டிலும் கூடியிருக்கிறது.

நான் எழுதிய தீர்ப்பு

2020 ஏப்ரல். அதற்கு முந்தைய பருவத்தில் பேக்கர்ஸ் சூப்பர் பவுலுக்கு ஒரு படி கீழே வந்து சான் பிரான்சிஸ்கோவிடம் தோற்றிருந்தது. குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸுக்கு வயது 36. அவர் எறிவதைப் பிடிக்க இன்னும் ஒரு நல்ல ரிசீவர் இருந்தால் கோப்பை நமதே என்று ரசிகர்கள் அனைவரும் நம்பினோம். நம் நேரப்படி வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அணி என்ன செய்தது? நான்காம் சுற்று உரிமையையும் சேர்த்துக் கொடுத்து, 30-ஆவது இடத்திலிருந்து 26-ஆவது இடத்துக்கு முன்னேறி, ஜோர்டான் லவ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது! இருக்கும் மன்னருக்கு எதிரிலேயே இளவரசுப் பட்டம். அந்த ஆண்டு ஏழு சுற்றிலும் ஒரு ரிசீவரைக்கூட எடுக்கவில்லை.

என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று நான் எழுதியது: 'பொது மேலாளர் குட்டகுன்ஸ்டுக்கு ஆட்டம் தெரியாது.' ஆட்டம் பழகி ஒரு மாதங்கூட ஆகாத பள்ளிச் சிறுவன், அந்தத் தொழிலிலேயே தலைநரைத்தவருக்கு வழங்கிய தீர்ப்பு அது!

முதலில் என் தீர்ப்பே சரி என்று தோன்றியது. ராஜர்ஸ் 2020, 2021 ஆகிய இரு பருவங்களிலும் தொடர்ந்து சிறந்த வீரர் விருது பெற்றார். லவ் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். 2021 ஜனவரியில் சொந்த மைதானத்தில் தம்பா பே அணியிடம் 31–26 என்று தோற்றபோது, 'அந்த ரிசீவரை மட்டும் எடுத்திருந்தால்!' என்று கொதித்தேன். அன்று எங்களைத் தோற்கடித்த டாம் பிரேடி, 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 199-ஆவது ஆளாக, ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டவர். முளையிலே தெரிந்திருந்தால் 198 பேருக்குப் பின்னால் அவரை நிறுத்தியிருப்பார்களா?

2023 ஏப்ரலில் ராஜர்ஸ் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்குப் போனார். மூன்றாண்டு காத்திருந்த லவ் களமிறங்கினார். தொடக்கத்தில் தடுமாறினார், முதல் ஒன்பது ஆட்டங்களில் ஆறு தோல்வி. ஆனால் பருவம் முடியும்போது 9 வெற்றி, 8 தோல்வி. 2024 ஜனவரியில் டல்லாஸ் மைதானத்துக்கே போய் 48–32 என்று வென்றார்கள். அவர் எறிந்ததைப் பிடித்தவர்களும் இரண்டாம், நான்காம், ஐந்தாம் சுற்றுகளில் எடுக்கப்பட்ட இளைஞர்களே. வைதவர்கள் எல்லாம் வாயடைத்தோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. லவ்வை எடுத்தது சரி. எடுத்த விதம் சரியன்று. பதினைந்து ஆண்டுகள் உழைத்த ராஜர்ஸிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சுவார்த்தையை இன்னும் நன்றாக நடத்தியிருக்கலாம் என்று மேலாளரே பின்னர் ஒப்புக்கொண்டார். 2005-இல் இதே ராஜர்ஸ் 24-ஆவது ஆளாக வந்து, பிரெட் ஃபார்வ் என்ற பெருவீரரின் பின்னால் மூன்றாண்டு காத்திருந்தவர்தாம். காத்திருப்பின் வலி தெரிந்த அவர், தம் இடத்துக்கு ஆள் தேடுவதைப் புரிந்துகொண்டிருப்பார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மூத்தவரை மதிப்பதற்குப் பணமா செலவாகிறது?

கைதட்டிய பேரம்

இனி, என் உள்ளத்தை உறுத்துகின்ற செய்திக்கு வருகிறேன். 2025 ஏப்ரலில் டிராஃப்ட் கிரீன் பே ஊரிலேயே நடந்தது. 23-ஆவது இடத்தில் மேத்யூ கோல்டன் என்ற ரிசீவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2002-க்குப் பிறகு முதல் சுற்றில் பேக்கர்ஸ் எடுத்த முதல் ரிசீவர் அவர். ஊரே ஆர்ப்பரித்தது. ஆகஸ்டு 28-ஆம் நாள் அதைவிடப் பெரிய ஆரவாரம். டல்லாஸ் அணியின் மைக்கா பார்சன்ஸ் பேக்கர்ஸுக்கு வந்தார். எதிரணிக் குவார்ட்டர்பேக்கைப் பாய்ந்து சாய்ப்பதில் வல்லவர். தம் முதல் நான்கு பருவங்களில் ஒவ்வொன்றிலும் 12 முறைக்குக் குறையாமல் சாய்த்தவர். விலை: 2026, 2027 ஆகிய ஈராண்டின் முதல் சுற்று உரிமைகள், கூடவே, 2016-இல் முதல் சுற்றில் எடுத்து நாமே வளர்த்த கென்னி கிளார்க். அதன்மேல் பார்சன்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடியே 80 லட்சம் டாலர்.

அண்ணன் தொலைபேசியில் கூவினார். நானும் கூவினேன் என்பதை மறைக்கவில்லை. அன்றிரவு பழைய கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தூக்கம் போயிற்று. நான் வைத பேரம் நன்றாக முடிந்தது. அப்படியானால் நான் கைதட்டும் பேரம்?

டிசம்பரில் பார்சன்ஸுக்கு முழங்காலில் தசைநார் கிழிந்தது. 'பார்த்தாயா!' என்று இப்போது சொல்வது எளிது. அது எனது வாதமன்று. காயம் யாருக்கும் வரும். அதை வைத்து ஒரு முடிவை எடைபோடுவது அறிவுடைமையாகாது. காயமே படாதிருந்தாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: முதலாளி இல்லாத, பங்குதாரருக்கு இலாபம் தராத ஓர் ஊரணி, இரண்டு ஆண்டு விதைநெல்லை ஒரே நாளில் விற்கலாமா?

'விற்கலாம்' என்பவர்களுக்கும் சான்று இருக்கிறது. ஃபார்வே அப்படி வந்தவர்தாம். 1992-இல் அட்லாண்டா அணியில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்காக முதல் சுற்று உரிமை ஒன்றைக் கொடுத்தார்கள். 1997 ஜனவரியில் சூப்பர் பவுல் கிடைத்தது. விதைத்ததெல்லாம் விளைந்ததாகவும் சொல்ல முடியாது. 1989-இல் இரண்டாவது இடத்தில் டோனி மாண்டரிச் என்பவரை எடுத்தார்கள், அவர் சோபிக்கவில்லை. அந்த ஆண்டின் முதல் ஐவரில் ஏனைய நால்வரும் பிற்காலத்தில் ஆட்டத்தின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். விதைநெல்லிலும் பதர் இருக்கும். உண்மை.

ஆனால் வேறுபாட்டைக் காண வேண்டும். ஃபார்வ் வந்தபோது விலை குறைவு. அவரை யாரும் அறியார். மற்றவர் காணாததைக் கண்டு வாங்கியது அது. பார்சன்ஸை உலகமே அறியும்; உலகம் அறிந்த பொருளுக்கு உலகம் சொல்லும் விலையைக் கொடுத்தார்கள். முன்னது மேலாளரின் கண்ணுக்குக் கிடைத்த வெற்றி. பின்னது ரசிகர்களின் அவசரத்துக்குக் கொடுத்த விலை. லவ் ஆடிய 2023, 2024, 2025 பருவங்களில் ஆண்டுதோறும் இறுதிச் சுற்றுகளுக்கு நுழைந்தும் கோப்பை கிட்டவில்லை. 'இன்னும் ஒரே ஓர் ஆள்' என்ற பசி வந்துவிட்டது. 2020-இல் அதே பசியை மேலாளர் பொருட்படுத்தவில்லை. 2025-இல் அதற்குச் சோறு போட்டார். குண்டானில் வெந்தது விதைநெல்.

பார்சன்ஸ் தேறி வந்து கோப்பையை வென்று தந்தால் முதலில் மகிழ்பவன் நான்தான். அப்போது இக்கட்டுரையையும் அந்தக் கணக்கு நோட்டோடு சேர்த்துக் கட்டி வைத்து, என்னைப் பார்த்து நானே சிரித்துக்கொள்வேன். எனினும் இன்றைய என் கருத்து இதுவே: ரசிகன் இந்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்க்கிறான், அணியை நடத்துகிறவர் மூன்றாம் ஆண்டைப் பார்க்க வேண்டும். ரசிகன் சினந்ததால் ஒரு முடிவு தவறாகிவிடாது; கைதட்டியதால் சரியாகியும் விடாது.

ஓரத்து நாற்காலியில் மூன்றாண்டு உட்கார்ந்திருந்த லவ்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆயிரக்கணக்கானோர் அவரை வேண்டாத விருந்தாளி என்று வைத காலத்தில், அவர் நாள்தோறும் பயிற்சிக்கு வந்து பந்தை எறிந்துகொண்டிருந்தார். அந்த ஆயிரக்கணக்கானோரில் ஒருவன் நான். ஏழு கடல் தாண்டி இருக்கும் அவருக்கு என் மன்னிப்பு போய்ச் சேரப்போவதில்லை. ஆகவே அதை நம் கல்லூரி மலரில் பதிவு செய்கிறேன்.